திருட்டும் சுரண்டலும்: மைக்கல் மூரின் ‘முதலாளித்துவம்: ஒரு காதற் கதை’ பற்றிய சில குறிப்புகள்

நாவலையும் சிறுகதையையும் அவை தோன்றிய சமூக அடித்தளத்தோடு பொருத்தி நோக்குவதற்கு ஈழத்து முற்போக்குத் திறனாய்வு எம்மைப் பழக்கியுள்ளது. கதைப்படங்களையும் ஓரளவுக்கு அவ்வாறு நோக்கி வந்துள்ளோம். ஆயின் விவரணப்படம் என்று வரும்போது, அது கூறும் தகவல் சரியா பிழையா என்பதோடு எமது விசாரணை பெரும்பாலும் நின்றுவிடுகின்றது. விவரணப்படமும் ஆக்கமே. அதற்கும் தேர்வு உண்டு, ஒழுங்கமைப்பு உண்டு, கமெரா எவர் பக்கத்தில் நின்று பார்க்கின்றது என்ற வினாவும் உண்டு. இவற்றைக் கருத்திற் கொள்ளாதவரை, ஒரு படத்தின் கருத்துநிலை அதன் விவரணக் குரலில் மட்டுமே தங்கியுள்ளது என்ற மயக்கத்திலிருந்து நாம் விடுபட இயலாது.

இந்நோக்கில் ஆராய்வதற்கு மைக்கல் மூரின் ‘முதலாளித்துவம்: ஒரு காதற் கதை’ என்னும் படத்தை எடுத்துக்கொள்கிறோம். 2008 செப்டெம்பர் 15ஆந் திகதி லீமன் பிரதர்ஸ் என்னும் முதலீட்டு வங்கி முறிவடைந்தது. அதற்கு ஓராண்டு நிறைவதற்குச் சில நாட்கள் இருக்கையில் வெனிஸ் திரைப்பட விழாவில் இப்படம் முதன்முதலாகக் காட்டப்பட்டது. ஒக்டோபரில் ஐக்கிய அமெரிக்காவின் வணிகத் திரையரங்குகளுக்கு வந்தது. முதலாளித்துவத்தைப் பெயர் சுட்டி, அது திருத்தப்படவேண்டியதன்று, அகற்றப்படவேண்டியது எனக் கூறும் ஒரு படம் அந்நாட்டின் பொதுத் திரையரங்குகளில் ஓடியமை சாதாரண நிகழ்ச்சியன்று. அதனாலேயே எமது நண்பர்களிற் சிலர் இப்படத்தை எவ்வித ஐயமுமின்றிப் போற்றுவர். வேறு சிலர், மூர் ஒரு கோமாளி, வர்க்கப் பகுப்பாய்வு அறியாதவர், கண்ணீரும் சிரிப்பும் விற்பவர் என்று ஒதுக்கிவிடுவர். இவ்விரு தீர்ப்புகளும் படத்தின் முடிவுரையை மாத்திரம் கொண்டு எழுந்தவை. முன்னவர்க்கு அம்முடிவுரை உவப்பானது. பின்னவர்க்கு அது போதாதது. இரு சாராரும் படத்தைப் பார்த்தார்களா என்பதே எமது ஐயம்.

படம் வங்கிக் கொள்ளைகளுடன் தொடங்குகின்றது. கண்காணிப்புக் கமெராக்களில் உண்மையாகவே பதிவான கொள்ளைக் காட்சிகள், துள்ளலான இசையுடன் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஏறத்தாழ இரண்டு மணிநேரத்தின் பின்னர், பொலிசார் குற்றம் நிகழ்ந்த இடத்தைச் சுற்றிக் கட்டும் மஞ்சள் நாடாவை எடுத்துச் சென்று, வோல் ஸ்ட்ரீட்டின் நிதி நிறுவனங்களைச் சுற்றி மூர் கட்டுகின்றார். முதலில் மனிதர் வங்கியைக் கொள்ளையிட்டனர். ஈற்றில் வங்கிகள் மனிதரைக் கொள்ளையிட்டன. நகைச்சுவை என்ற வகையில் இது வெற்றிபெறுகின்றது. ஆனால் இதனை நகைச்சுவை என்று மட்டும் கொள்ளலாகாது. படத்தின் முழு அமைப்பையும் தாங்கும் கருத்தாக்கம் இதுவே. முதலாளித்துவம் என்பது திருட்டு. நெருக்கடி என்பது பெருந்திருட்டு. மீட்பு நிதி என்ற பெயரில் 2008 ஒக்டோபரில் வழங்கப்பட்ட 700 பில்லியன் டொலர் திருட்டுக்களில் எல்லாம் பெரிய திருட்டு.

மார்க்சியத்தை ஓரளவேனும் கற்றோர்க்கு இவ்விடத்தில் ஒரு தடை தோன்றும். மூலதனத்தின் முதலாம் பாகத்தில் மார்க்ஸ் மேற்கொண்ட கடினமான முயற்சி, திருட்டை விலக்கிவைத்து இலாபத்தை விளக்குவதாகும். எவரும் எவரையும் ஏமாற்றவில்லை என்றே அவர் கொள்கின்றார். பண்டங்கள் யாவும் அவற்றின் மதிப்புக்கே கைமாறுகின்றன, உழைப்புச் சக்தியும் அதன் மதிப்புக்கே வாங்கப்படுகின்றது, சட்டம் மீறப்படுவதில்லை, முதலாளி நேர்மையாளராகவே இருக்கட்டும். அந்நிலையிலும் வேலைநாள் முடியும்போது மிகைமதிப்பு அவரிடம் எஞ்சுகின்றது. சுரண்டலின் இரகசியம் அதன் ஒழுங்கான நாளில் உள்ளது. ஒழுங்கு குலையும் நாளில் அன்று. திருட்டு என்ற கருத்தாக்கத்தினால் அந்த ஒழுங்கான நாளைக் காணவே முடியாது.

மூராலும் காண முடியவில்லை. அதனாலேயே படத்தில் ஒரு பொற்காலம் தேவைப்படுகின்றது. மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ட் நகரம், ஜெனரல் மோட்டோர்ஸின் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலைசெய்த தந்தை, ஒருவரின் சம்பளத்திலே வாழ்ந்த குடும்பம், சொந்த வீடு, காலத்துக்குக் காலம் புதிய கார், செல்வந்தர் மீது 90 சதவீதத்தை எட்டிய உச்ச வரி. தலைப்பிலுள்ள காதல் இந்தக் காலத்தின் மீதானதே. ஜேர்மனியினதும் யப்பானினதும் தொழிற்றுறை குண்டுவீச்சினால் தகர்ந்து கிடந்தமையாலேயே இது சாத்தியமாயிற்று என்பதை மூர் மறைக்கவில்லை. ஆனால் ஒரு கேலியுடன் அதனைக் கடந்துவிடுகின்றார். வயது முதிர்ந்த தந்தையும் மகனும் தொழிற்சாலை இருந்த வெற்று நிலத்தின் முன் நிற்கும் காட்சி படத்தின் மிகச் சிறந்த காட்சிகளுள் ஒன்று. தந்தை அதிகம் பேசுவதில்லை. தம்முடன் வேலைசெய்தோரையே அவர் நினைவுகூருகின்றார். அந்த வெறுமை போதுமானது. ஆயினும் அதே நிலத்தில் தொழிற்சாலை முழு வேகத்தில் இயங்கிய காலத்தில் நிகழ்ந்தது என்ன என்ற வினா அங்கு எழுவதில்லை.

இதற்கு விடை தரக்கூடிய வரலாறு படத்திலேயே உள்ளது என்பதுதான் வியப்பு. 1936 டிசம்பர் 30 முதல் 1937 பெப்ரவரி 11 வரை, 44 நாட்கள், பிளின்ட் நகரத் தொழிலாளர் ஆலைகளுக்குள்ளேயே அமர்ந்து நடத்திய உள்ளிருப்பு வேலைநிறுத்தத்தை மூர் காட்டுகின்றார். அவர் காதலிக்கும் பொற்காலம் இப்போராட்டத்தினால் ஈட்டப்பட்டது. ஆயின் படத்தின் அழுத்தம் வேறிடத்தில் விழுகின்றது. தேசியக் காவற்படையின் துப்பாக்கிகள் அம்முறை தொழிலாளரை நோக்கித் திருப்பப்படவில்லை என்பதையும், அதற்குக் காரணர் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் என்பதையுமே படம் முதன்மைப்படுத்துகின்றது. காவற்படையை அழைத்தவரும், தொழிலாளரை வெளியேற்ற அதனைப் பயன்படுத்த மறுத்தவரும் மிச்சிகன் ஆளுநர் பிராங்க் மேர்பி ஆவார். ஆயிரக்கணக்கானோர் ஆலைக்குள் இருந்த நிலையில் வேறு எதனையும் இலகுவிற் செய்திருக்க முடியாது என்பதே அம்மறுப்பின் பின்னணி. தொழிலாளர் வென்றெடுத்த ஒன்று தலைவர் அளித்த கொடையாக மாறுகின்றது. 1944 ஜனவரியில் ரூஸ்வெல்ட் பொருளாதார உரிமைகள் பற்றி ஆற்றிய உரையின் படச்சுருள் பின்னர் காட்டப்படும்போது இம்மாற்றம் முழுமை பெறுகின்றது. நல்ல தலைவர் இறந்தார். நல்ல திட்டம் கைவிடப்பட்டது. பின்னர் ரேகன் வந்தார். வரலாறு இவ்வளவில் சுருங்கிவிடுகின்றது.

பெறுதிகள் பற்றிய காட்சியையும் இங்கு குறிப்பிடவேண்டும். பெறுதி என்பது என்னவென்று விளக்குமாறு நிதித்துறையினர் ஒருவரிடமும் பேராசிரியர் ஒருவரிடமும் மூர் கேட்கின்றார். அவர்கள் தடுமாறுகின்றனர், தொடங்கி, நிறுத்தி, மீண்டும் தொடங்குகின்றனர். அரங்கு சிரிக்கின்றது. நாமும் சிரித்தோம். பின்னர் சிந்திக்கும்போது அச்சிரிப்பு எமக்கு உவப்பாக இல்லை. நிதிமூலதனம் தன்னைப் பற்றிப் பரப்பிவரும் முதலாவது மாயை, தான் சாதாரண மனிதரால் விளங்கிக்கொள்ள முடியாதது என்பதே. அம்மாயையைக் கலைக்கவேண்டிய படம் அதனைச் சிரிப்பாக மாற்றி உறுதிப்படுத்திவிடுகின்றது.

உண்மையில் விடயம் அத்துணைக் கடினமானதன்று. 1970களின் பின்னர் அமெரிக்கத் தொழிலாளரின் உற்பத்தித்திறன் உயர்ந்துகொண்டே செல்ல, உண்மைக் கூலி பெரும்பாலும் நின்ற இடத்திலே நின்றது. கூலியால் வாங்க முடியாததைக் கடனால் வாங்குமாறு அவர்கள் தூண்டப்பட்டனர். வீடே பெரிய ஈடு. ஈட்டுக்கடனைக் கொடுத்த வங்கி அதனைத் தன்னிடம் வைத்திருக்கவில்லை; ஆயிரக்கணக்கான கடன்களை ஒன்றுசேர்த்து, துண்டுகளாக்கி, பிணையங்களாக விற்றது. கடன் திரும்பி வருமா என்ற கவலை விற்றவருக்கு இல்லாமற் போயிற்று. அத்துண்டுகள் பெறுமதி இழந்தால் ஈடுசெய்வதாக வேறு நிறுவனங்கள் பந்தயம் போன்ற ஒப்பந்தங்களைச் செய்துகொண்டன. அத்தகைய ஒப்பந்தங்களாலேயே ஏஐஜி என்னும் காப்புறுதி நிறுவனம் லீமன் வீழ்ந்த மறுநாள் 85 பில்லியன் டொலர் அரச கடனால் தாங்கப்படவேண்டியதாயிற்று. கூலிக்கும் கடனுக்குமுள்ள இத்தொடர்பின் முதற்பாதியை மூர் அறிவார். ரேகன் காலம் பற்றிய பகுதியில் கூலி, கடன், வரி ஆகியவற்றின் போக்குகளைத் தெளிவாகவே காட்டுகின்றார். எனினும் அதனையும் நெருக்கடியையும் இணைக்கும் கண்ணி வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்துவிடுகின்றது.

இக்கண்ணியைப் பொறுமையுடன் விளக்கிய படம் அடுத்த ஆண்டில் வெளிவந்த சார்ள்ஸ் பேர்கசனின் ‘இன்சைட் ஜொப்’. சிறந்த விவரணப்படத்துக்கான ஒஸ்கார் பரிசை அது பெற்றது. தகவற் செம்மையில் மூரின் படம் அதனருகில் நிற்காது. நிதித்துறையிடம் பணம் பெற்றுக்கொண்டு அத்துறைக்குச் சாதகமாக எழுதிய பொருளியற் பேராசிரியர்களை அது விசாரிக்கும் பகுதி, பல்கலைக்கழகத்தினராகிய நாம் கூச்சத்துடன் பார்க்கவேண்டியது. கொலம்பியாப் பல்கலைக்கழகத்துப் பிரெடரிக் மிஷ்கின், ஐஸ்லாந்தின் நிதி உறுதிப்பாடு பற்றி 2006இல் எழுதிய அறிக்கைக்கு அந்நாட்டு வர்த்தக சபை 124,000 டொலர் வழங்கியது. இரண்டாண்டுகளில் அந்நாட்டின் மூன்று பெரும் வங்கிகளும் வீழ்ந்தன. பின்னர் அவருடைய தகைமைப் பட்டியலில் அறிக்கையின் தலைப்பிலிருந்த ‘உறுதிப்பாடு’ என்ற சொல் ‘உறுதியின்மை’ என மாறியிருந்தது. கேட்டபோது, அச்சுப்பிழையாக இருக்கலாம் என்றார். ஆயினும் இப்படத்தின் தலைப்பையும் நோக்குக: உள்ளிருப்போரே துணைபோய்ச் செய்த களவு என்பது அதன் பொருள். இங்கும் அதே கருத்தாக்கமே. காவலர் நேர்மையாகக் காத்திருந்தால் களவு நிகழ்ந்திராது. ஆகவே கட்டுப்பாடுகள் மீண்டும் வேண்டும். மூர் கட்டுப்பாட்டைக் கோரவில்லை, ஒழிப்பையே கோருகின்றார். செம்மையான படம் சீர்திருத்தத்தில் நிற்க, செம்மை குறைந்த படம் அதனைத் தாண்டிச் செல்கின்றது.

அவ்வாறு தாண்டிச் செல்லும் வலிமை அதற்கு எங்கிருந்து வருகின்றது? மூரின் விளக்கத்திலிருந்து அன்று. அவர் திரட்டிவந்த பொருளிலிருந்தே வருகின்றது என்பது எமது கருத்து. அரச வமிசத்தில் அனுதாபங் கொண்டிருந்த பால்சாக் தமது அனுதாபத்துக்கு மாறாகவே உண்மையைத் தீட்டினார் என்று 1888இல் மார்கரெட் ஹார்க்னெசுக்கு எழுதிய கடிதத்தில் எங்கெல்ஸ் சுட்டிக்காட்டியமை யாவரும் அறிந்ததே. மூர் பால்சாக் அல்லர். ஆயினும் ஆக்கம் ஆக்கியோனின் கருத்தை மீறும் இடங்கள் இப்படத்திலும் உள்ளன.

அவற்றுள் முதலாவது, ‘இறந்த குடியானவர்’ என்று காப்புறுதித் துறையினர் தமக்குள் பெயரிட்டு வழங்கிய காப்புறுதி பற்றிய பகுதி. பெரிய கம்பனிகள் தம் சாதாரண ஊழியரின் பெயரில் ஆயுட் காப்புறுதி எடுத்துக்கொண்டன. ஊழியருக்கு அது பெரும்பாலும் தெரிந்திருக்கவில்லை. அவர் இறந்தபோது பணம் குடும்பத்துக்கன்றிக் கம்பனிக்கே சேர்ந்தது. இளவயதில் மனைவியை இழந்த கணவர் ஒருவரும், கணவரை இழந்த மனைவி ஒருவரும் இதனைப் பின்னரே அறிந்தமை பற்றிப் பேசுகின்றனர். எதிர்பார்த்த எண்ணிக்கையில் ஊழியர் இறக்கவில்லை என்பதைக் குறைபாடாகக் கணக்கிடும் ஆவணமும் காட்டப்படுகின்றது. இலக்கிய மாணவர்க்கு இங்கு கோகலின் ‘இறந்த ஆன்மாக்கள்’ நினைவுக்கு வராமற் போகாது. 1842இல் வெளிவந்த அந்நாவலில் சிச்சிக்கோவ், குடிசன மதிப்பில் இன்னும் உயிரோடிருப்பதாகக் கொள்ளப்படும் இறந்த பண்ணையடிமைகளை மலிவாக வாங்கி, அவர்களை ஈடுவைத்துக் கடன்பெறத் திட்டமிடுகின்றான். அவன் செய்வது மோசடி; ஊருக்குத் தெரிந்ததும் தப்பி ஓடவேண்டியிருக்கின்றது. அமெரிக்கக் கம்பனி எங்கும் ஓடவேண்டியதில்லை. காப்புறுதித் தவணை ஒழுங்காகக் கட்டப்பட்டது, ஒப்பந்தம் செல்லுபடியானது, குடும்பத்திடமிருந்து ஒரு சதமேனும் எடுக்கப்படவில்லை. இங்கு திருட்டு இல்லை என்பதே இக்காட்சியின் பயங்கரம். உழைப்புச் சக்தியை மட்டுமே வாங்கியதாகக் கூறும் மூலதனம், அச்சக்தி குடியிருந்த உடல் அழிவதையும் வரவாக மாற்றிக்கொள்கின்றது. மூரின் குரல் இவ்விடத்தில் அறக் கோபத்துடன் ஒலிக்கின்றது. காட்சியோ அக்கோபத்துக்கு எட்டாத ஒன்றைச் சொல்லிவிடுகின்றது. படத்தில் முதலாளித்துவத்தின் ஒழுங்கான நாள் தென்படும் இடம் இதுவே.

இரண்டாவது, சிற்றிகுரூப் வங்கி தன் செல்வந்த வாடிக்கையாளருக்காக 2005இலும் 2006இலும் தயாரித்த குறிப்புகள். ஐக்கிய அமெரிக்கா இனி ஒரு தேசியப் பொருளாதாரமன்று, மிகச்சில செல்வந்தரின் வருவாயாலும் செலவாலும் இயங்கும் பொருளாதாரம் என அவை விளக்கின. அவ்வமைப்புக்கு நேரக்கூடிய ஆபத்துக்களுள் ஒன்றாக, செல்வம் சிலரிடம் குவிந்தாலும் வாக்கு ஆளுக்கு ஒன்றாகவே உள்ளது என்பதனையும் சுட்டின. வர்க்கம் பற்றிப் பேசுதல் பழைமைவாதம் என்று எமது கல்வித்துறையிலேயே பலர் ஒதுங்கிக்கொண்ட காலத்தில், வர்க்கப் பகுப்பாய்வைத் துல்லியமாகச் செய்தது ஒரு வங்கி.

மூன்றாவது, சிக்காகோ. யன்னல்களும் கதவுகளும் செய்யும் ரிபப்ளிக் தொழிற்சாலை 2008 டிசம்பரில் மூன்று நாள் அறிவித்தலுடன் மூடப்பட்டது. சட்டப்படி அறுபது நாள் அறிவித்தல் கொடுக்கப்பட்டிருக்கவேண்டும். கடன்வசதியை நிறுத்திய பாங் ஒவ் அமெரிக்காவுக்கோ மீட்பு நிதியில் 25 பில்லியன் டொலர் ஒதுக்கப்பட்டிருந்தது. பெரும்பாலும் இலத்தீன் அமெரிக்க வழிவந்தோரும் கறுப்பினத்தவருமான ஏறத்தாழ 250 தொழிலாளர், டிசம்பர் 5 முதல் ஆறு நாட்கள் ஆலைக்குள் அமர்ந்தனர். தமக்குரிய சம்பள நிலுவையையும் விடுமுறைச் சம்பளத்தையும் கேட்டனர், 1.75 மில்லியன் டொலர் பெற்றனர். ஆளுக்கு ஏறத்தாழ 6,000 டொலர் என்று படம் கூறுகின்றது. தொகை சிறிது. ஆனால் ஆலைக்குள் எடுக்கப்பட்ட காட்சிகளில் நாம் காணும் முகங்கள் படத்தின் வேறெந்தப் பகுதியிலும் இல்லாதவை. மற்றெல்லா இடங்களிலும் மக்கள் தமக்கு நேர்ந்ததைக் கூறுகின்றனர். இங்கு மட்டும் தாம் செய்வது என்ன என்று பேசுகின்றனர். வருணித்தலுக்கும் எடுத்துரைத்தலுக்கும் இடையே லூக்காச் 1936இல் கண்ட வேறுபாடு வெறும் உத்தி வேறுபாடன்று என்பதை விளக்க நல்ல உதாரணம் வேண்டுவோர் இப்பகுதியைப் பார்க்கலாம்.

கமெராவின் நிலை பற்றிய வினாவுக்கு இப்போது வரலாம். மூரின் படங்களில் அடிக்கடி வரும் ஒரு காட்சி உண்டு. 1989இல் வெளிவந்த ‘ரோஜரும் நானும்’ தொடக்கம், அவர் ஒரு பெரிய கட்டடத்தின் வாயிலுக்குச் செல்வார், காவலாளி தடுப்பார், கதவு திறக்கப்படாது. இப்படத்திலும், கொள்ளைபோன பணத்தை மீட்க வந்ததாகக் கூறிக்கொண்டு கவச வண்டியுடன் அவ்வாறே செல்கின்றார். தடுக்கும் காவலாளியும் கூலிக்கு வேலைசெய்பவரே என்ற சங்கடம் ஒருபுறமிருக்க, இங்கு செயலாற்றுபவர் ஒருவரே, ஏனையோர் பார்வையாளர். இதற்கு நேர்மாறானது படத்தின் தொடக்கப் பகுதியில் வரும் வேறொரு கதவு. வட கரோலைனாவில் ஈட்டுக்கடன் கட்டமுடியாத குடும்பமொன்று தன் வீட்டுக்குள்ளிருந்து தானே படம்பிடிக்கின்றது. யன்னலூடாகப் பொலிஸ் வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவது தெரிகின்றது. பின்னர் கதவு உடைக்கப்படும் ஓசை. கமெரா நடுங்குகின்றது. மூர் அங்கு இல்லை. சிக்காகோ ஆலையைப் போலவே இங்கும் நாம் கதவின் உட்புறத்தில் இருக்கிறோம். பலம்பொருந்தியோரின் மூடிய கதவுக்கு வெளியே நிற்கும் கமெரா ஒரு தனிமனிதனின் வீரத்தையே எமக்குத் தருகின்றது. உடைமை இழப்போரின் கதவுக்கு உள்ளே நிற்கும் கமெரா ஒரு சமூக உறவைக் காட்டுகின்றது. மூரின் படத்தில் இவ்விரண்டும் உள்ளன. எது முதன்மையானது என்பதை அவர் அறிந்ததாகத் தெரியவில்லை.

படத்தின் சமயக்கூறு பற்றிப் பலர் எள்ளலுடன் எழுதியுள்ளனர். மூர் கத்தோலிக்கர், குருவானவர் இருவரும் டெட்ரோயிட் மறைமாவட்டத்துத் துணை ஆயராக இருந்த தோமஸ் கம்பிள்டனும் முதலாளித்துவம் பாவம் என்று இப்படத்தில் கூறுகின்றனர். இவ்வெள்ளலில் நாம் பங்குகொள்ளவில்லை. அமெரிக்கத் தொழிலாளரிற் பெரும்பகுதியினர் நீதி பற்றிப் பேசும் மொழி அதுவே. அம்மொழியைக் கற்காதவர் அவர்களுடன் பேச இயலாது. ஆயின் பாவமும் தீமையும் திருட்டின் உறவுமுறைச் சொற்களாகவே இங்கு இயங்குகின்றன. தீமையின் இடத்தில் நன்மையை வைக்கவேண்டும். அந்நன்மையின் பெயர் ஜனநாயகம் என்று படம் முடிகின்றது. தொழிலாளரே உரிமையாளராயுள்ள கலிபோர்னியா வெதுப்பகம் ஒன்றும் விஸ்கொன்சின் பொறியியல் நிறுவனம் ஒன்றும் அதற்கு முன்மாதிரிகளாகக் காட்டப்படுகின்றன. மாற்று அமைப்பின் உண்மைப் பெயரைச் சொல்லத் தயங்கிய இயக்குநர், எழுத்துக்கள் ஓடத் தொடங்கியதும் சர்வதேச கீதத்தை மதுச்சாலை மெட்டில் ஒலிக்கவிடுகின்றார். இதனைத் துணிவு என்பதா, தயக்கம் என்பதா என்று எமக்கு இன்னும் தெளிவில்லை.

திருட்டு என்ற கருத்தாக்கம் வெறும் கோட்பாட்டுக் குறைபாடாக இருந்திருப்பின் இத்துணை விரித்து எழுதியிருக்கமாட்டோம். அதற்கு அரசியல் விளைவு உண்டு. மீட்பு நிதி மசோதாவைப் பிரதிநிதிகள் சபை 2008 செப்டெம்பர் 29ஆந் திகதி 228க்கு 205 என்ற வாக்குகளால் தோற்கடித்ததை மூர் மக்களின் எழுச்சியாகக் காட்டுகின்றார். அவர் முதன்மைப்படுத்துவது ஒஹையோவின் மார்சி கப்ரர் போன்ற ஜனநாயகக் கட்சியினரையே; கப்ரரின் உரை உண்மையிலேயே உணர்ச்சி மிக்கது. ஆனால் எதிர்த்து வாக்களித்த 228 பேரில் 133 பேர் குடியரசுக் கட்சியினர் என்பதைப் படத்திலிருந்து எவரும் அறியமுடியாது. அதே கோபத்தின் மீதே 2009இல் வலதுசாரிகளின் தேநீர் விருந்து இயக்கமும் வளர்ந்தது. 2011இல் வோல் ஸ்ட்ரீட்டை ஆக்கிரமிக்கும் இயக்கமும் எழுந்தது. எமது செல்வத்தைத் திருடியோர் எவர் என்று கேட்பவனுக்கு, வங்கியாளன் என்றும் விடை சொல்லலாம். மெக்சிக்கோவிலிருந்து வந்தவன், சீனத் தொழிலாளி என்றும் விடை சொல்லலாம். திருட்டுக்குத் திருடன் வேண்டும். சுரண்டலுக்கு ஓர் உறவு போதும். 2016இன் நடுப்பகுதியில், மிச்சிகன், ஒஹையோ, பென்சில்வேனியா, விஸ்கொன்சின் ஆகிய நான்கு மாநிலங்களின் வழியாக டொனால்ட் ட்ரம்ப் வெல்வார் என முன்கூட்டியே எச்சரித்தவர் மூர். அவ்வாறே நிகழ்ந்தது. பிளின்ட் நகரத்துக் கோபம் எங்கு செல்லக்கூடும் என்பதை மனிதன் என்ற வகையில் அவர் நன்கறிந்திருந்தார். அவருடைய படம் அறிந்திருக்கவில்லை.

படத்தின் சட்டகம் அமெரிக்க எல்லைகளுடன் முடிவதும் இதனோடு தொடர்புடையதே. வீட்டில் நுழைந்த திருடனைத் தேடுவோர் வீட்டுக்குள்ளேயே தேடுவர். நெருக்கடியின் பின்னர் 2008 டிசம்பர் முதல் 2015 டிசம்பர் வரை அமெரிக்க மத்திய வங்கி தன் வட்டி வீதத்தைப் பூச்சியத்துக்கு அண்மையில் வைத்திருந்தது. அங்கு வருவாய் கிடைக்காத மூலதனம் உயர்ந்த வட்டி தேடி எம்மைப் போன்ற நாடுகளின் இறைமை முறிகளுக்குள் வந்தது. 2007இல் 500 மில்லியன் டொலருடன் அச்சந்தைக்குள் நுழைந்த இலங்கை, அதன்பின் திரும்பத் திரும்ப அங்கு கடன்பெற்று, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்தியது. பிளின்ட் நகரத்து வெற்று நிலத்துக்கும் கொழும்பின் எரிபொருள் வரிசைக்கும் இடையே ஒரு வழி உண்டு. அதனை ஒரு கமெரா எவ்வாறு காட்டும்?

இவ்வினா புதிதன்று. 1927இலும் 1928இலும் ஐசன்ஸ்டைன் மூலதனத்தைப் படமாக்க எண்ணி எழுதிய குறிப்புகள் எஞ்சியுள்ளன. ஒரு சாதாரண நாள். ஒரு பெண் சூப் சமைக்கின்றாள். அதில் இடும் மிளகிலிருந்து குடியேற்ற நாடு, போர், தேசவெறி என்று காட்சிகள் கிளைத்துச் செல்லவேண்டும் என அவர் திட்டமிட்டார். படம் எடுக்கப்படவில்லை. அக்குறிப்புகளை எடுத்துக்கொண்டு ஜேர்மன் இயக்குநர் அலெக்சாண்டர் குளூகே 2008இல் ஏறத்தாழ ஒன்பதரை மணிநேரப் படமொன்றை வெளியிட்டார். அதனை முழுமையாகப் பார்த்து முடிப்போர் சிலரே. மூரின் படத்தையோ இலட்சக்கணக்கானோர் ஓரிரவில் பார்த்தனர். ஐசன்ஸ்டைன் தேடிய சூப்புக் கிண்ணத்துக்கு மிக அருகில் வந்த அமெரிக்கக் காட்சி, குளூகேயிடமன்றி மூரிடம், அந்தக் காப்புறுதிப் பத்திரத்தில் உள்ளது என்றே நாம் கருதுகிறோம்.

சிக்காகோத் தொழிலாளரின் கதை படம் முடிந்த இடத்தில் முடியவில்லை. அவர்களது ஆலையைக் கலிபோர்னியாக் கம்பனியொன்று வாங்கித் திறந்தது; 2012 பெப்ரவரியில் அதுவும் மூடப்போவதாக அறிவித்தது. அவர்கள் மீண்டும் உள்ளே அமர்ந்தனர். இம்முறை நட்டஈட்டை மட்டும் கேட்கவில்லை, அவகாசம் கேட்டனர். மூரின் படத்தில் ஒருபுறம் போராட்டமாகவும் மறுபுறம் கூட்டுறவாகவும் தனித்தனியே நின்ற இரு பகுதிகளை அவர்களே இணைத்தனர். இயந்திரங்களை வாங்கி, வேறொரு கட்டடத்துக்குக் கொண்டுசென்று, 2013இல் ‘நியூ எரா’ என்ற பெயரில் கூட்டுறவு ஆலையைத் தொடங்கினர். 250 பேர் வேலைசெய்த இடத்தில் தொடங்கியவர் தொகை இருபதுக்குச் சற்றேறக்குறைய. அவர்கள் செய்யும் யன்னல்களுக்கு விலையைத் தீர்மானிப்பது இன்னமும் சந்தையே.